பற்றவைப்புக் கோலைத் தேர்ந்தெடுக்கும் முறை

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



இன்று உங்கள் முன் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறிய கைக்கருவியைப் பற்றியது. மின்னணுப் பொருள்களைப் பழுது பார்ப்பதற்குப் பயன்படும் பற்றவைப்புக் கோல் என்பதே அது. கடைகளில் அதனைச் ‘சால்டரிங் அயர்ன்’ என்று கேட்டு வாங்குகிறோம். மலாய் மொழியில் அதற்குப் ‘பெசி பத்தெரி’ என்று பெயர். மின்கலத்தைக் குறிக்கும் ‘பத்ரி’ என்னும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. 

இவ்வளவு சிறிய கருவியைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே என் கருத்து. தோட்டப்புறங்களில் கைத்தொழில் ஆர்வமுள்ள பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். பழைய வானொலியைத் திறந்து பார்க்கின்றனர். கெட்டுப்போன கைவிளக்கைக் கழற்றி மாட்டுகின்றனர். பெற்றோரும் அவர்களுடைய ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து, கடையில் கிடைத்த மலிவான கோல் ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றனர். அந்தக் கோல் தகுதியற்றதாக இருந்தால் என்ன நேரும்? ஈயம் உருகாது, உருகினாலும் பிடிக்காது, மின்சுற்றுப் பலகை கருகிப் போகும். தவறு கருவியினுடையது என்பதை அறியாத பிள்ளை, இத்தொழில் தனக்கு வராது என்று முடிவு செய்து ஒதுங்கிவிடும். வேறு சில வீடுகளில் அதனினும் பெரிய துன்பம் நேரலாம். மின்தாக்கும் தீயும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. ஆகவே, வாங்குவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளை ஒழுங்காக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பற்றவைத்தல் என்றால் என்ன?

நம் தோட்டங்களில் மூத்தவர்களுக்குப் பற்றவைத்தல் புதிய செய்தி அன்று. பால் வாளியின் அடியில் ஓட்டை விழுந்தால் தகரவேலை செய்பவரிடம் கொண்டு போவார்கள். அவர் கனமான செம்புத் தலை பொருத்திய கோலைக் கரி நெருப்பில் காய்ச்சி, ஈயத்தை உருக்கி ஓட்டையை அடைப்பார். மின்னணுப் பணியிலும் அடிப்படை அதுவே. இரு உலோகங்களை உருக்காமல், அவற்றைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் மூன்றாவது உலோகக் கலவையால் அவற்றை இணைக்கிறோம். அக்கலவைக்குப் பற்றாசு என்பது பழந்தமிழ்ப் பெயர். பேச்சு வழக்கில் ‘ஈயம்’ என்கிறோம்.

உண்மையில் அது வெறும் ஈயம் அன்று. நெடுங்காலமாக மின்னணுப் பணிக்குப் பயன்பட்டு வரும் கம்பியில் 60 விழுக்காடு வெள்ளீயமும் 40 விழுக்காடு காரீயமும் கலந்திருக்கும். தனி வெள்ளீயம் 232 செல்சியஸ் பாகையில் உருகும். தனிக் காரீயம் 327 பாகையில் உருகும். இரண்டையும் கலந்தாலோ 183 பாகையிலேயே இளகத் தொடங்கி, ஏறத்தாழ 190 பாகையில் முழுவதும் நீராகிவிடும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த கம்பி 183 பாகையில் ஒரே சீராக உருகி, ஒரே சீராக இறுகும். கற்றுக்கொள்பவருக்கு இதுவே எளிது. இறுகும்போது கை சற்று அசைந்தாலும் பழுதாகும் வாய்ப்பு இதில் குறைவு.

காரீயம் உடல்நலத்திற்குக் கேடு விளைவிப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னர் வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் சிறிதளவு கலந்த கம்பி தொழிற்சாலைகளில் பரவியது. இது உருகுவதற்கு 217 முதல் 220 பாகை வரை வெப்பம் வேண்டும். எனவே, இக்காலப் பொருள்களைப் பழுது பார்ப்பதற்குப் பழைய வானொலிகளுக்குப் போதியதாக இருந்த கோல் சில வேளைகளில் போதாமல் போகிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வாட் எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

கடைக்குச் செல்பவர் முதலில் கேட்பது, “எத்தனை வாட்?” என்பதே. 25 வாட், 40 வாட், 60 வாட், 100 வாட் என்று பல அளவுகள் உண்டு. வாட் கூடினால் நுனியின் சூடும் அதே அளவிற்குக் கூடிவிடும் என்று பலர் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை சரியன்று.

மின்னணுப் பணியில் வேண்டிய நுனி வெப்பம், காரீயக் கலவைக்கு ஏறத்தாழ 320 முதல் 350 பாகை வரை. காரீயம் கலவாத கம்பிக்கு 350 முதல் 380 பாகை வரை. சிறிய கோலும் காற்றில் சும்மா இருக்கும்போது இந்த வெப்பத்தை அடைந்துவிடும். சோதனை அதன் பின்னரே தொடங்குகிறது. நுனியைக் குளிர்ந்த உலோகத்தின்மேல் வைத்தவுடன் அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. நுனியின் வெப்பம் இறங்குகிறது. இறங்கிய வெப்பத்தை எவ்வளவு விரைவாக மீண்டும் ஈடுசெய்ய முடியும் என்பதையே வாட் எண்ணிக்கை பெரும்பாலும் குறிக்கிறது.

இதற்கு உங்கள் கையில் உள்ள பொருளையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறேன். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்பவர் நெற்றியில் கட்டிக்கொள்ளும் தலைவிளக்கை எண்ணிப் பாருங்கள். அதன் கம்பி பொத்தானிடத்தில் விட்டுப் போனால், மெல்லிய கம்பியைச் சிறிய உலோகக் காலில் மீண்டும் பற்றவைக்க 25 அல்லது 30 வாட் கோல் போதும். ஆனால், ஒளி தரும் எல்.இ.டி. சில்லு பொருத்திய பலகையில் கம்பி விட்டுப் போனால் நிலைமை வேறு. ஒளி மிகுந்த விளக்குகளில் அந்தப் பலகை பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. சில்லின் சூட்டை வாங்கி வெளியேற்றுவதற்காகவே அலுமினியத்தை வைத்துள்ளனர். கோலின் சூட்டையும் அது அவ்வாறே வாங்கிக்கொள்ளும். 25 வாட் கோலை அரை நிமிடம் வைத்து அழுத்தினாலும் ஈயம் கூழாகுமேயன்றிப் பரவாது. அதற்குள் சில்லு கெட்டுவிடும். தடித்த நுனியுள்ள 60 வாட் கோல் அதே வேலையை இரண்டு மூன்று விநாடிகளில் முடித்துவிடும்.

ஆகவே, வலிமையான கோல் பொருளைக் கெடுக்கும், வலிமையற்ற கோல் காக்கும் என்று எண்ணலாகாது. சூடு தாங்காத உறுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நீண்ட நேரம் வைத்திருப்பதே. நல்ல இணைப்பு ஏறத்தாழ 2 அல்லது 3 விநாடிகளில் முடிந்துவிட வேண்டும். 

பால்மரம் வெட்டுபவருக்கு இந்த உண்மையை விளக்கிக் கூற வேண்டியதில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய வளர்படலத்தைத் தொடாமல், ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுவது தேர்ந்த கையின் அடையாளம். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரத்தில் காயம் ஏற்பட்டு, புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். கூரில்லாத கத்தியை வைத்துக்கொண்டு கையை அழுத்தினால் அளவு தவறும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பற்றவைப்புக் கோலும் அப்படியே. கருவியில் சூடு போதாவிட்டால் கை அழுத்தத் தொடங்கும். அழுத்தம் சூட்டைத் தராது. பலகையில் ஒட்டியிருக்கும் மெல்லிய செம்புத் தகட்டைப் பெயர்த்துவிடும்.

கோல்களின் வகைகள்

இப்போது கடைகளில் கிடைக்கும் கோல்களை நான்கு வகையாகப் பிரித்துக் கூறலாம்.

முதல் வகை, நேரே பிளக்கில் செருகும் சாதாரணக் கோல். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு எதுவும் இதில் இல்லை. மின்சாரம் இருக்கும்வரை சூடேறிக்கொண்டே இருக்கும். கம்பிகளை இணைக்கவும், மோட்டார் சைக்கிள் விளக்குக் கம்பியைச் சரி செய்யவும் 40 வாட் கோல் போதியது. விலை மிகக் குறைவு. ஆனால், நீண்ட நேரம் சும்மா வைத்திருந்தால் நுனி கறுத்து, ஈயம் ஒட்டாமற் போகும்.

இரண்டாம் வகை, கைப்பிடியிலேயே வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் சிறு திருகு உள்ள கோல். 60 வாட் அளவில் பரவலாகக் கிடைக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. சில கோல்களில் நுனியின் வெப்பத்தை அளந்து அதற்கேற்ப மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்கும். வேறு சிலவற்றில் அந்தத் திருகு, மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதுபோல் மின்சாரத்தை மட்டும் குறைக்கும், வெப்பத்தை அளக்காது. எண்கள் எழுதியிருப்பதால் மட்டும் அந்த எண்ணிக்கை உண்மையாகிவிடாது. வாங்குமுன் கடைக்காரரிடம் இதனைக் கேட்டறிய வேண்டும்.

மூன்றாம் வகை, மேசைமேல் ஒரு பெட்டியும் அதனோடு இணைந்த கோலும் கொண்டது. ‘ஸ்டேஷன்’ என்பர். பெட்டி மின்னழுத்தத்தைக் குறைத்துக் கோலுக்கு அனுப்புகிறது. நுனியின் வெப்பத்தை இடையறாது அளந்து நிலையாக வைக்கிறது. தொழிலாகச் செய்ய விரும்புவோர்க்கு இதுவே ஏற்றது. முதல் வகையைவிட விலை பல மடங்கு கூடுதல். எனினும் பல ஆண்டு உழைக்கும்.

நான்காம் வகை, அண்மை ஆண்டுகளில் பரவிய குறைந்த மின்னழுத்தக் கோல். கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவியைப் போன்ற, ஆனால் வலிமை மிகுந்த மின்கருவியில் செருகிப் பயன்படுத்துவது. இதில் சூடேற்றும் உறுப்பு நுனிக்குள்ளேயே அமைந்துள்ளமையால் சில விநாடிகளில் சூடேறும். இழந்த வெப்பத்தையும் உடனே ஈடுசெய்யும். வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டிலுள்ள சாதாரணக் கைப்பேசி மின்னேற்றி இதற்குப் போதாது. 65 வாட் தரக்கூடிய தகுந்த மின்னேற்றி தனியே வேண்டும். அதன் விலையையும் கூட்டிப் பார்த்த பின்னரே மலிவா இல்லையா என்று முடிவு செய்தல் வேண்டும்.

இவற்றையன்றித் துப்பாக்கி வடிவில் 100 வாட் கோலும் உண்டு. தடித்த கம்பிகளுக்கு அது நன்று. நுண்ணிய மின்னணுச் சில்லுகளுக்கு ஏற்றதன்று. 

நுனியே பாதி வேலை

கோலின் விலையைப் பார்ப்பவர் பலர். நுனியைப் பார்ப்பவர் சிலரே. பொருளைத் தொடுவது நுனிதான். ஊசிபோன்ற கூரிய நுனி நுண்ணிய வேலைக்கு ஏற்றது என்று பலர் எண்ணி அதனையே வாங்குகின்றனர். ஊசி முனை பொருளைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. ஆகவே அதன் வழியே செல்லும் சூடும் சிறிதே. கற்றுக்கொள்பவருக்கு உளியின் வாய்போல் தட்டையான நுனியே சிறந்தது. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை நுனி ஒன்றைக்கொண்டு வீட்டுப் பழுதுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடிக்கலாம்.

நுனி செம்பால் ஆனது. வெள்ளீயம் உருகிய நிலையில் செம்பைக் கரைத்துவிடும் இயல்புடையது. அதனால் வெறும் செம்பு நுனி நாளடைவில் குழி விழுந்து தேயும். நல்ல நுனிகளில் செம்பின்மேல் இரும்புப் பூச்சு இட்டிருப்பர். இந்தப் பூச்சுதான் நுனியின் உயிர். இங்கு உங்களுள் பலருக்கு ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பால்மரம் வெட்டும் கத்தியை நாள்தோறும் தீட்டுகிறோம். தீட்டாத கத்தி பயன்படாது. ஆனால், பற்றவைப்புக் கோலின் நுனியை அரத்தால் அராவவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. தேய்த்தால் இரும்புப் பூச்சு போய்விடும். அதன் பின் அந்த நுனி சில நாளே நிற்கும். நனைத்துப் பிழிந்த பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, புதிய ஈயத்தை மெல்லப் பூசி வைப்பதே முறை. வேலை முடித்து மின்சாரத்தை நிறுத்துமுன் நுனியில் சிறிது ஈயம் இருக்கட்டும். அது காற்றுப்படாமல் காக்கும்.

வாங்கும்போது, “இதற்கு மாற்று நுனி கிடைக்குமா?” என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தக் கோல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ‘900 எம்’ என்னும் வரிசை நுனிகள் பல நிறுவனங்களின் கோல்களுக்குப் பொருந்துவன; பல வடிவங்களில் கிடைப்பன. அத்தகைய நுனி ஏற்கும் கோலை வாங்கினால் பட்டணத்துக் கடைக்கு அலைய வேண்டிய தேவை குறையும்.

மூன்றாவது கம்பி

இனி நான் கூறப்போவதைப் பெற்றோர் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அளவினது. 2008-க்கு முன் 240 வோல்ட் என்று குறிக்கப்பட்டது. வேறு நாட்டுக்கெனச் செய்த 110 வோல்ட் கோலை இங்கே செருகினால் உடனே எரிந்து போகும். கோலின்மேல் 220 முதல் 240 வோல்ட் வரை என்று குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

அடுத்தது பிளக். நம் நாட்டில் வழங்குவது செவ்வக முனைகள் மூன்றுள்ள 13 ஆம்பியர் பிளக். மேலே உள்ள நீண்ட முனை நிலத்தோடு இணைக்கும் ‘எர்த்’ முனை. கோலுக்குள் உள்ள சூடேற்றும் சுருள் பழுதுபட்டு உலோகத்தைத் தொட்டுவிட்டால், நுனியிலும் குழலிலும் மின்சாரம் பாயும். எர்த் கம்பி இருந்தால் அந்த மின்சாரம் நிலத்துள் இறங்கிவிடும். பியூசோ காப்புக் கருவியோ உடனே இணைப்பைத் துண்டிக்கும். எர்த் இல்லையென்றால், தொட்டவரின் உடலே அதற்கு வழியாகும். 

மலிவான கோல்கள் சில இருமுனைப் பிளக்கோடு வருகின்றன. அதனைச் செருகுவதற்காக மேல் துளைக்குள் குச்சியையோ பேனாவையோ குத்தித் திறக்கும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. இது மிகவும் தீய பழக்கம். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகளும் துளைக்குள் குச்சியை விடுவார்கள். ஒரு நாள் மேல் துளைக்குப் பதில் கீழ்த் துளைக்குள் கம்பியை விடுவார்கள். ஆகவே, மூன்று கம்பி வடமும் மும்முனைப் பிளக்கும் உள்ள கோலையே வாங்குங்கள். பிளக்கில் சிரிம் தரமுத்திரை உள்ளதா என்று பாருங்கள். வடத்தினுள் பழுப்பு நிறம் மின்கம்பி, நீலம் நடுநிலைக் கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த் கம்பி. 60 வாட் கோல் கால் ஆம்பியருக்குச் சற்று மேற்பட்ட மின்சாரத்தையே எடுக்கும். எனவே பிளக்கில் 13 ஆம்பியர் பியூசுக்குப் பதில் 3 ஆம்பியர் பியூசை இடுவது நல்லது.

வீட்டு மின்பலகையில் கசிவுக் காப்புக் கருவி இருக்கும். ‘இ.எல்.சி.பி.’ என்று பலரும் அழைப்பது அதுவே. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் தோட்ட நிர்வாகத்திடமோ உரிமம் பெற்ற மின்பணியாளரிடமோ தெரிவியுங்கள். 

வடத்தின் உறையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விறைப்பான பிளாஸ்டிக் உறையில் சூடான நுனி பட்டால் ஒரு நொடியில் உருகி, உள்ளே கம்பி வெளிப்படும். சிலிக்கோன் உறை மென்மையாக வளையும், சூட்டையும் தாங்கும். சில ரிங்கிட் கூடுதலாயினும் அதுவே சிறந்தது. நல்ல கனமான தாங்கி ஒன்றும் உடன் வாங்குங்கள். சூடான கோலை மேசை விளிம்பிலோ தேநீர்க் கோப்பையின் மேலோ சாய்த்து வைக்கும் வீட்டில் இன்றில்லாவிடினும் ஒரு நாள் தீ பிடிக்கும்.

கோலோடு சேரும் பிற பொருள்கள்

ஈயக் கம்பி வாங்கும்போது, நடுவில் ரோசின் எனும் பிசின் உள்ள கம்பியைக் கேட்க வேண்டும். பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுக்கப்படும் இப்பொருள், உலோகத்தின் மேலுள்ள மாசை நீக்கி ஈயம் பரவ உதவுகிறது. ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி பொதுப்பணிக்கு ஏற்றது. தகரவேலைக்கும் குழாய் வேலைக்கும் விற்கப்படும் அமிலப் பசையை மின்னணுப் பணிக்குப் பயன்படுத்தலாகாது. அன்று இணைப்பு அழகாகத் தோன்றும். சில மாதங்களில் அமிலம் கம்பியை அரித்துவிடும். 

ரோசின் புகை மூச்சுக்குழலை உறுத்தும். தொடர்ந்து சுவாசிப்பவர்க்கு ஆஸ்துமா வரக்கூடும். எனவே சன்னலருகே அமர்ந்து, புகையை முகத்தினின்று அப்பால் இழுக்கும் வகையில் சிறு மின்விசிறி வைத்துக்கொள்ளுங்கள். காரீயம் கலந்த கம்பியைத் தொட்ட கையால் உண்ணவோ புகைபிடிக்கவோ கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவ வேண்டும். சமையற்கட்டில் இவ்வேலை வேண்டாம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. கருவிலிருக்கும் சிசுவையும் தாக்குவது. ஆகவே, குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் அருகில் இருக்கலாகாது. 

புதிதாகக் கற்றுக்கொள்பவர் மின்கலத்தில் இயங்கும் பொருள்களோடு நின்றுகொள்வது நலம். வானொலி, விளையாட்டுப் பொருள், கைவிளக்கு ஆகியவை போதும். அதிலும் மின்கலத்தைக் கழற்றிய பின்னரே கோலை எடுக்க வேண்டும். தலைவிளக்கிலுள்ள லித்தியம் மின்கலத்தின்மேல் நேரடியாகப் பற்றவைக்க முயலலாகாது. சூட்டினால் அது தீப்பற்றக்கூடும். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் தொலைக்காட்சி போன்றவற்றில், பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். பயிற்சி பெறாதவர்கள் அவற்றைத் திறக்கவே கூடாது.

எதை வாங்குவது?

இவ்வளவையும் கேட்ட பின், “முடிவாக எதை வாங்குவது?” என்று நீங்கள் கேட்பது இயல்பே. வீட்டில் எப்போதாவது கம்பி விட்டுப்போவதைச் சரி செய்ய மட்டும் விரும்புவோர், எர்த் கம்பியும் மாற்று நுனியும் உள்ள 40 வாட் சாதாரணக் கோலை வாங்கினால் போதும். பிள்ளைக்குக் கற்றுக்கொள்ளும் விருப்பம் உண்டு, தொடர்ந்து பழகுவான் அல்லது பழகுவாள் என்று தோன்றினால், வெப்பத்தை அளந்து கட்டுப்படுத்தும் 60 வாட் கோலும், 2 மில்லிமீட்டர் தட்டை நுனியும், தாங்கியும், பித்தளைச் சுருளும் வாங்கிக் கொடுங்கள். வருமானம் தரும் தொழிலாகச் செய்யத் தொடங்கிய பின்னரே ஸ்டேஷன் வாங்கலாம். கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் பொருள் இது. ஒரே ஆண்டில் மூன்று மலிவுக் கோல்களை வாங்கி எறிவதைவிட, தகுந்த ஒன்றை வாங்கி ஐந்தாண்டு பயன்படுத்துவதே சிக்கனம்.

இன்னொரு செய்தியையும் கூறி முடிக்கிறேன். 1972-ஆம் ஆண்டில் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் நிறுவியதும் அந்த ஆண்டில்தான். அன்று தொடங்கி மின்னணுத் தொழில் நம் நாட்டின் பெருந்தொழில்களுள் ஒன்றாக வளர்ந்தது. அதே காலப்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. பல குடும்பங்கள் பிறந்த தோட்டத்தை விட்டு வெளியேறின. மரம் வெட்டுவதைத் தவிர வேறு தொழில் அறியாதவர்கள் பட்டணத்தில் பட்ட இடர்களை உங்களுள் பலர் உறவினர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளின் கையில் இரண்டாவது தொழில் ஒன்று இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது அதனாலேயே.

மனிதவளத் துறையின் கீழுள்ள தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்னணுவியல் பயிற்சிகள் நடைபெறுகின்றன. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. தகுதியுள்ள பயிற்சியாளர்கள் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளித் தேர்வில் மிகுந்த புள்ளி பெறாத பிள்ளைக்கும் இந்த வழி அடைக்கப்படவில்லை. பயிற்சி நிலையத்திற்குச் செல்லுமுன், வீட்டில் ஒழுங்கான கோலொன்றைப் பிடித்துப் பழகிய பிள்ளை முதல் நாளிலேயே தன்னம்பிக்கையோடு நிற்கும். பெண் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். தொடக்கக் காலம் முதலே பினாங்கு மின்னணுத் தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசைகளில் பெரும்பான்மையாக அமர்ந்து உழைத்தவர்கள் பெண்களே.

கடைக்குச் செல்லும்போது ஐந்து கேள்விகளை மறவாதீர்கள். எந்த வேலைக்கு? எத்தனை வாட்? வெப்பத்தை அளந்து கட்டுப்படுத்துமா? மாற்று நுனி கிடைக்குமா? மூன்றாவது கம்பி உள்ளதா? இவற்றுள் மற்ற நான்கிற்கும் விடை சற்று முன்பின்னாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.